ஸ்புரூஸ் போன்சாய்: ஊசி நிறம் மாறினால் காரணத்தை எங்கே தேடுவது

குளிர்நாட்டு ஊசியிலை மரமான ஸ்புரூஸ் தன் நோவை உடனே காட்டாது. தக்காளிச் செடிக்குத் தண்ணீர் குறைந்தால் அன்று மத்தியானமே இலை தொங்கிவிடும். ஸ்புரூஸின் வேர் செத்து மூன்று நான்கு கிழமை போன பிறகும் ஊசிகள் பச்சையாகவே நிற்கும். வேரே இல்லாமல் வெட்டி வந்த நத்தார் மரம் வீட்டுக்குள் வாரக்கணக்கில் பச்சை மாறாமல் நிற்பதும் இதனால்தான். ஆகவே இன்று கண்ணில் படும் பழுப்புக்குக் காரணத்தை நேற்றைய வெயிலில் தேடினால் கிடைக்காது. அது போன மாதத்தில் இருக்கும், சிலவேளை போன வருடத்து வசந்தத்தில் இருக்கும். பழுப்பைக் கண்டதும் பதறித் தண்ணீர் ஊற்றுவது, உரம் போடுவது, சாடியை மாற்றுவது ஆகிய மூன்றும் சேர்ந்துதான் பிழைத்திருக்கக்கூடிய பல மரங்களைக் கொல்கின்றன.

கீழே வரும் மாதங்கள் தெற்கு ஒன்ராறியோவுக்கு, குறிப்பாக ரொறன்ரோ சுற்றுவட்டாரத்துக்குப் பொருந்துவன. இங்கே போன்சாயாக, அதாவது சாடியில் குட்டை மரமாக, வளர்க்கப்படுபவை பெரும்பாலும் வெள்ளை ஸ்புரூஸ், கறுப்பு ஸ்புரூஸ், நோர்வே ஸ்புரூஸ், நீல ஸ்புரூஸ் ஆகியவை. இவற்றோடு, செடிக்கடைகளில் எங்கும் கிடைக்கும் கூம்பு வடிவக் குட்டை அல்பேர்ட்டா ஸ்புரூஸும் உண்டு. இவை எல்லாமே நீண்ட குளிர்காலம் கேட்கும் மரங்கள். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ உள்ள உறவினருக்கு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். குளிர்த் துயில் கிடைக்காத இடத்தில் எந்தப் பராமரிப்பாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

தொடுவதற்கு முன்

மூன்று கேள்விகளுக்கு விடை எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் மாறியது இந்த வருட ஊசியா, பழைய ஊசியா? மரம் முழுதுமா, ஒரு பக்கம் மட்டுமா, கீழ்க்கிளைகள் மட்டுமா? எந்த மாதத்தில் தொடங்கியது? பாதிக்கு மேற்பட்ட சிக்கல்கள் இந்த மூன்று விடைகளிலேயே பிடிபட்டுவிடும்.

பிறகு உயிர்ச் சோதனை. சந்தேகமான கிளையின் பட்டையை நகத்தால் ஓர் அரிசியளவு சுரண்டுங்கள். உள்ளே ஈரமான பச்சை தெரிந்தால் கிளை உயிரோடு இருக்கிறது. காய்ந்த பழுப்பாக இருந்தால் அடிமரத்தை நோக்கி இரண்டு சென்ரிமீற்றர் நகர்ந்து மறுபடி சுரண்டுங்கள். நுனி அரும்பு ஒன்றை நகத்தால் பிளந்தும் பார்க்கலாம்: உள்ளே பச்சை என்றால் அந்த நுனி விரியும், கறுப்பு என்றால் விரியாது. ஊசியை நம்பாதீர்கள், அரும்பை நம்புங்கள். ஊசி முழுதும் பழுத்த கிளையில்கூட அரும்பு பச்சையாக இருந்தால் வசந்தத்தில் தளிர் வரும்.

செப்ரெம்பர், ஒக்ரோபரில் உள்பக்க ஊசிகள் மட்டும் மஞ்சளாகி உதிர்கின்றன

நோய் இல்லை. ஊசியிலை மரமும் தன் மிகப் பழைய ஊசிகளைச் சில ஆண்டுகளுக்குப் பின் உதிர்க்கும். நுனிப் பக்கம் பச்சையாக, அரும்புகள் திரண்டு இருந்தால் உதிர்ந்ததை இடுக்கியால் எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வருடமும் உள்பக்கம் வேகமாக மொட்டையாகிக்கொண்டே வந்தால் அங்கே வெளிச்சம் போகவில்லை என்று பொருள். அதற்கான வேலை கவாத்துப் பகுதியில் வருகிறது.

மார்ச், ஏப்ரலில் ஒரு பக்கம் மட்டும் செம்பழுப்பு

தெற்கு அல்லது மேற்குப் பக்கம், அல்லது காற்று அடிக்கும் பக்கம் கருகி, மறுபக்கம் பச்சையாக இருந்தால் அது குளிர்கால உலர்வு. பெப்ரவரி, மார்ச்சில் வெயில் ஊசிகளைச் சூடாக்க, அவை நீராவியை வெளிவிடுகின்றன. சாடிக்குள் மண் பாறையாக உறைந்திருப்பதால் வேரால் ஒரு துளிகூட மேலே அனுப்ப முடியாது. மரத்தைக் கொன்றது குளிர் என்று நாம் நினைக்கிறோம். அது உண்மையில் தாகத்தால் வாடியது. குட்டை அல்பேர்ட்டா இந்தச் சேதத்துக்குப் பேர்போனது. நிலத்தில் நட்ட மரங்களே வீட்டின் தெற்குச் சுவரோரம் பாதி கருகி நிற்பதைப் பார்க்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது பொறுத்திருப்பதுதான். கருகிய கிளைகளை ஏப்ரலில் வெட்டாதீர்கள். மே இறுதிவரை விட்டு, எந்த அரும்பு விரிகிறது என்று பார்த்த பின்பே வெட்டுங்கள். மரத்தை நிழலும் காற்று மறைப்பும் உள்ள இடத்துக்கு மாற்றி, மண் உருகியதும் அளவாக நீர் கொடுங்கள். இந்த வசந்தத்தில் சாடி மாற்ற வேண்டாம், தளிர் கிள்ளவும் வேண்டாம்.

அடுத்த குளிர்காலத்துக்கான ஏற்பாடு நவம்பரிலேயே முடிய வேண்டும்:

1. இரவுகள் தொடர்ந்து பூச்சியத்துக்குக் கீழ் போகத் தொடங்கியதும் மரத்தை மேசையிலிருந்து இறக்கி நிலத்தில் வையுங்கள். மேசையில் நிற்கும் சாடிக்கு நாலாபக்கமும் குளிர், நிலத்தில் நிற்பதற்குக் கீழிருந்து சிறிது வெப்பம் கிடைக்கும்.
2. இடம் வீட்டின் வடக்கு அல்லது கிழக்குப் பக்கம். வீதி உப்பு தெறிக்காத, துணி உலர்த்தியின் வெந்நீராவி வந்து விழாத மூலை.
3. மண் உறைவதற்கு முன் ஒருமுறை முழுமையாக நனையுங்கள். இந்த ஒரு நனைப்புத்தான் குளிர்காலம் முழுதுக்கும் மரத்தின் சேமிப்பு.
4. சாடி மறைந்து, விளிம்புக்கு மேல் சில சென்ரிமீற்றர் வரும்படி மரப்பட்டை மூடாக்கைக் குவியுங்கள். கிளைகளை மூடாதீர்கள்.
5. காற்று வரும் பக்கம் சாக்குத் துணியால் ஒரு மறைப்பு. பிளாஸ்ரிக்கால் சுற்றினால் வெயிலில் உள்ளே வெந்துவிடும்.
6. பனி விழுந்து மூடினால் அப்படியே விடுங்கள். அதைவிட நல்ல போர்வை இல்லை. ஈரப்பனி கிளையை வளைத்தால் மட்டும் மெல்லத் தட்டிவிடுங்கள்.

வெள்ளை ஸ்புரூஸின் முதிர்ந்த வேர் பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகை குளிரையும் தாங்கக்கூடியது. புதிதாக ஓடிய வெள்ளை வேர் அப்படித் தாங்காது. அதனால் ஆகஸ்ட், செப்ரெம்பரில் சாடி மாற்றிய மரத்தை மட்டும் வெப்பமூட்டாத கராஜில் வைப்பது நல்லது. துயிலில் இருக்கும்போது, வெப்பம் 5 பாகைக்கு மேல் போகாத வரை, இருட்டு அதற்குப் பொருட்டல்ல. ஆனால் கராஜில் மழையும் இல்லை, பனியும் இல்லை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை மண்ணின் மேல் ஒரு கை பனியை அள்ளிப் போடுங்கள், அது உருகும்போது மெல்ல இறங்கும்.

மே மாதத்தில் புதுத் தளிர் ஒரே இரவில் தொங்கிக் கறுக்கிறது

பின்பனி. உறைந்து நிற்கும்போது எவ்வளவு குளிரும் தாங்கிய மரம், அரும்பு விரிந்த பின் பூச்சியத்துக்குக் கீழ் ஓரிரு பாகையிலேயே தளிரை இழக்கும். கறுத்த தளிரை நுனியோடு கிள்ளிவிடுங்கள். விரியாமல் மீந்த அரும்புகள் வேலையைப் பொறுப்பெடுக்கும், அந்த வருடம் வளர்ச்சி குறையும், அவ்வளவுதான். வெள்ளை ஸ்புரூஸ் முந்திக்கொண்டு விரிவது, கறுப்பு ஸ்புரூஸ் பிந்தி விரிவது. அதனால் முதலில் உள்ளே எடுக்க வேண்டியது வெள்ளை. மே நடுப்பகுதி தாண்டும் வரை முன்னறிவிப்பைப் பார்த்து, உறைபனி இரவுகளில் மட்டும் கராஜுக்குள் வைத்து, காலையில் வெளியே எடுங்கள்.

ஊசிகள் தூசி படிந்ததுபோல் வெளிறி, வெண்கல நிறமாகின்றன

ஸ்புரூஸ் போன்சாயைத் தின்னும் எதிரிகளில் முதலிடம் சிலந்திப்பேனுக்கு. ஸ்புரூஸ் சிலந்திப்பேன் ஒரு தனி இனம். வீட்டுச் செடிகளைத் தாக்கும் பேன் வெயிலில் பெருகும். இது குளிர்ந்த காலத்தை விரும்புவது. ஏப்ரல், மேயில் முட்டை பொரித்துப் பெருகி, ஜூலைக் கடும் வெயிலில் அடங்கி, செப்ரெம்பரில் மறுபடி எழும். சேதம் கண்ணுக்குத் தெரிவதோ ஆகஸ்டில். அப்போது மருந்து தேடி ஓடுகிறார்கள், பேன் ஏற்கனவே அடங்கியிருக்கும். மருந்து வேலை செய்துவிட்டது என்று நினைத்து விட்டுவிட, இலையுதிர்காலத்தில் அது திரும்ப வரும்.

உறுதி செய்ய: ஒரு வெள்ளைத் தாளைக் கிளைக்குக் கீழ் பிடித்து, கிளையை நாலைந்து தரம் சுளீரெனத் தட்டுங்கள். விழுந்தவற்றில் மிளகுத்தூள் அளவான புள்ளிகள் நகர்கின்றனவா என்று பாருங்கள். நகர்பவற்றை விரலால் தேய்த்தால் பச்சைக் கோடு விழுந்தால் அது மரத்தின் சாற்றைக் குடித்த பேன். வேகமாக ஓடும் வெளிர்நிற உயிர்கள் அந்தப் பேனைத் தின்னும் நல்ல பேன்களாக இருக்கலாம். உள்பக்க ஊசிகளுக்கிடையே மெல்லிய நூலாம்படை இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

நீர்தான் முதல் மருந்து. சாடி மண்ணைப் பிளாஸ்ரிக்கால் மூடி, மரத்தைச் சாய்த்து, குழாயின் பலமான பீச்சலால் கீழிருந்து மேலாக, உள்பக்கமாக அடியுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்று கிழமை. ஒருமுறை மட்டும் அடித்தால் பயனில்லை, முட்டைகள் ஒட்டியபடியே இருந்து பொரிக்கும். அதற்கும் அடங்காவிட்டால் பூச்சிக்கொல்லிச் சவர்க்காரக் கரைசல், மாலையில், ஊசியின் இருபக்கமும் நனையும்படி, ஒரு கிழமை இடைவெளியில் இரண்டு மூன்று தடவை.

ஒன்ராறியோவில் வீட்டுத் தோட்டத்துக்கான இரசாயனப் பூச்சிமருந்துகளில் பல 2009 முதல் தடைசெய்யப்பட்டவை. இந்தச் சிக்கலைப் பொறுத்தவரை அதில் இழப்பு ஒன்றுமில்லை. பரந்து கொல்லும் மருந்துகள் பேனைத் தின்னும் உயிர்களை முதலில் அழித்து, பேன் முன்னிலும் பெருக வழிவிடுகின்றன.

முட்டைகள் ஊசியின் அடியிலும் அரும்பைச் சுற்றியும் குளிர்காலத்தைக் கழிக்கும். எனவே ஏப்ரலில், அரும்பு வீங்கி இன்னும் விரியாத நேரத்தில், தோட்டக்கலை எண்ணெயைப் போத்தலில் சொன்ன அளவில் கலந்து தெளிப்பது நல்ல அடி. தெளித்த இரண்டு நாளுக்குள் உறைபனி இருக்கக்கூடாது. மெல்லிய தளிர் மீது எண்ணெய் படக்கூடாது. நீல ஸ்புரூஸுக்கு எண்ணெய் வேண்டாம்: அதன் நீலம் ஊசியின் மேலுள்ள மெழுகுப் பூச்சு, எண்ணெய் அதைக் கரைத்து மரத்தை வெறும் பச்சையாக்கிவிடும்.

வெளிறிய ஊசி மறுபடி பச்சையாகாது. குணமானதா என்பதைத் தாளில் தட்டித்தான் அறிய வேண்டும், நிறத்தைப் பார்த்து அல்ல.

தளிரின் அடியில் குட்டி அன்னாசிப்பழம் போன்ற முடிச்சு

இது காய் அல்ல. அடெல்ஜிட் என்னும் நுண்பூச்சி அரும்பின் அடியில் குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் சாறு உறிஞ்ச, தளிர் வீங்கி அதன் குஞ்சுகளுக்கு வீடாகிறது. நோர்வே, வெள்ளை ஸ்புரூஸில் முடிச்சு தளிரின் அடிப்பகுதியில், ஒரு பக்கமாக இருக்கும். அதற்கு மேலுள்ள தளிர் பெரும்பாலும் பிழைக்கும். நீல ஸ்புரூஸில் முடிச்சு நுனியையே விழுங்கி நீளமாக வரும், நுனி செத்துப்போகும்.

முடிச்சு பச்சையாக இருக்கும்போதே, ஜூன் முடிவதற்குள், வெட்டிக் குப்பைப் பையில் கட்டி எறியுங்கள். ஜூலை, ஆகஸ்டில் அது காய்ந்து வாய் திறந்து பூச்சிகள் பறந்துவிடும். அதன் பின் வெட்டுவது அழகுக்கு மட்டுமே. சிறிய போன்சாயில் கையால் எடுப்பதே போதும். நிறைய இருந்தால் மேலே சொன்ன ஏப்ரல் எண்ணெய் இதற்கும் உதவும்.

கீழ்க்கிளைகளில் போன வருட ஊசிகள் மட்டும் ஊதா கலந்த பழுப்பு

நுனியில் இந்த வருட ஊசி நல்ல பச்சை, அதற்கு அடுத்த கணு ஊதாப் பழுப்பு என்றால் ரைசோஸ்பெரா பூஞ்சை. அதிகம் பாதிக்கப்படுவது நீல ஸ்புரூஸ். 10 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியால் ஊசியைப் பாருங்கள். ஆரோக்கியமான ஊசியில் நீளவாக்கில் வெண்புள்ளி வரிசைகள் தெரியும், அவை மரம் மூச்சுவிடும் துளைகள். பூஞ்சை பிடித்த ஊசியில் அந்த வரிசையிலேயே கறுப்புப் புள்ளிகள் முளைத்திருக்கும்.

தொற்று நுழைந்தது போன வருட மழைக்கால வசந்தத்தில். ஆகவே இப்போது பழுத்திருக்கும் ஊசிக்குச் செய்ய ஒன்றுமில்லை, காக்க வேண்டியது இந்த வருடத் தளிரை. பழுத்த ஊசிகளை உதிர்த்துப் பொறுக்கி எடுங்கள். சாடிகளுக்கிடையே ஒரு முழ இடைவெளி விடுங்கள். மாலையில் மரத்தின் மேல் நீர் தெளிப்பதை நிறுத்தி, காலையில் மண்ணுக்கு மட்டும் ஊற்றுங்கள். மே, ஜூனில் நாட்கணக்கில் மழை பெய்தால் கூரைக்குக் கீழ் நகர்த்துங்கள். போன்சாய்க்கு இருக்கும் பெரிய வசதியே அதைத் தூக்கி நகர்த்த முடிவதுதான்.

ஒரு கீழ்க்கிளை முழுதும் செத்து, அதன் அடியில் மெழுகு உருகி உறைந்ததுபோல் வெள்ளைப் பிசின் படிந்திருந்தால் அது வேறு, பட்டையைத் தாக்கும் சைட்டோஸ்போரா. உலர்ந்த நாளில் கிளையை அடியோடு வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் பின் கத்தரியை மதுசாரத்தால் துடையுங்கள். வரட்சியால் களைத்த மரங்களில்தான் அது நுழைகிறது. கீழ்க்கிளை போன மரம் வீணாகிவிடவில்லை: பல மரங்களைச் சேர்த்து நடும் காட்டுத் தொகுப்பில் மொட்டை அடிமரங்கள் இயல்பாகப் பொருந்தும். ஜப்பானின் ஒமியாவில் போன்சாய்க் கலைஞர் சபுரோ கட்டோ எசோ ஸ்புரூஸ்களைக் கூட்டமாக நட்டு அமைத்த காடுகள் உலகப் புகழ்பெற்றவை.

மரம் முழுதும் பளபளப்பு இழந்து சாம்பல் பச்சையாகிறது

இதுதான் ஆபத்தான அறிகுறி. கிளையைத் தடவினால் ஊசிகள் பச்சையாகவே உதிரும். வேர் செத்துக்கொண்டிருக்கிறது, காரணம் மூன்றில் ஒன்று.

முதலாவது, நடுவில் வரட்சி. செடிக்கடைக் குட்டை அல்பேர்ட்டாக்கள் பீட் எனப்படும் மக்கிய சதுப்புநிலப் பாசியில் வளர்க்கப்படுபவை. பீட் ஒருமுறை முற்றாகக் காய்ந்தால் நீரை ஏற்க மறுக்கும். ஊற்றும் நீர் வேர்க்கட்டிக்கும் சாடிச் சுவருக்கும் இடையே வழிந்து அடித்துளையால் வெளியேறும், நாம் நனைந்துவிட்டதாக நம்புவோம். ஒரு மூங்கில் குச்சியை அடிமரத்தின் அருகே ஆழமாகச் செருகி, பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். காய்ந்து வந்தால் சாடியை விளிம்பளவு நீரில் இறக்கி, குமிழ்கள் நிற்கும் வரை, ஏறக்குறைய அரை மணி நேரம் வையுங்கள். பிறகு குச்சியால் வேர்க்கட்டியில் ஆறேழு ஆழத் துளைகள் போட்டு, அவற்றில் பியூமிஸ் (நுரைக்கல்) மணிகளை நிரப்புங்கள். நீர் உள்ளே இறங்க வழி கிடைக்கும்.

இரண்டாவது, வேரழுகல். குச்சி சேறாக வரும், மண் புளித்த மணம் வீசும், வேரை இழுத்தால் தோல் உறைபோல் கழன்று நார் மட்டும் மிஞ்சும். கோடையின் நடுவில் இப்படிக் கண்டால் மண்ணை முழுதும் உதறிப் புதிதாக நடும் ஆசை வரும். வேண்டாம். மீந்திருக்கும் நல்ல வேரையும் அது கொல்லும். சாடியின் ஒரு பக்கத்துக்குக் கீழ் மரக்கட்டை வைத்துச் சாய்த்தால் தேங்கிய நீர் வடியும். துளைகள் அடைத்திருக்கிறதா பாருங்கள், மேல்மண் ஒரு சென்ரிமீற்றரைச் சுரண்டிப் பருமணியாக மாற்றுங்கள், மேல் இரண்டு சென்ரிமீற்றர் காயும் வரை நீர் ஊற்றாதீர்கள். உரம் எதுவும் வேண்டாம். காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து, ஊசிகளில் மெல்லத் தண்ணீர் தூவி, ஆகஸ்ட் நடுப்பகுதி வரை கொண்டுவந்தால் அப்போது சாடி மாற்றலாம்.

மூன்றாவது, வெந்த வேர். ஜூலையில் கறுப்புப் பிளாஸ்ரிக் சாடி கொன்கிறீற் தரையில் நின்றால் சுவரோர வேர்கள் கருகிவிடும். வெயில் படும் பக்கத்தில் சாடிச் சுவரைத் தொட்டுக் கை வைத்திருக்க முடியாவிட்டால் காரணம் அதுதான். 30 பாகை தாண்டும் நாட்களில் பகல் 12 மணிக்குப் பின் நிழல், அல்லது 30 முதல் 40 சதவீத நிழல்வலை. சாடியின் மேல் ஈரச் சாக்கு போர்த்துவதும் நன்றாக வேலை செய்யும்.

மூன்றுக்கும் நிரந்தரத் தீர்வு ஒழுங்கான சாடி மாற்றம். ஏப்ரலில் அரும்பு வீங்கி விரியாமல் இருக்கும்போதும், ஆகஸ்ட் நடுப்பகுதி முதல் செப்ரெம்பர் நடுப்பகுதி வரையும் அதற்கு ஏற்ற காலம். அகடாமா (ஜப்பானியக் களிமண் மணி), பியூமிஸ், எரிமலைக் கல் சம அளவு, 3 முதல் 6 மில்லிமீற்றர் மணி, தூளைச் சலித்து எறிந்தபின். வேர்க்கட்டியின் ஒரு பாதியை மட்டும் அடிமரம் வரை உதறிப் புது மண் இடுங்கள். மறுபாதி இரண்டு வருடம் கழித்து. ஸ்புரூஸின் வேரை ஒரே தடவையில் முழுதும் கழுவினால் அது பெரும்பாலும் மீளாது. பழைய மண்ணில் வெள்ளை நூல்போலப் படர்ந்திருப்பது நோய் அல்ல, வேரோடு கூடி வாழும் நல்ல பூஞ்சை. அதில் ஒரு கைப்பிடியைப் புது மண்ணில் கலந்துவிடுங்கள். கடைசியில் வேர்க்கட்டியைச் சாடியோடு கம்பியால் அசையாமல் கட்டுங்கள். காற்றில் ஆடும் மரத்தின் புது வேர்நுனிகள் ஒவ்வொரு நாளும் அறுந்துபோகும்.

மஞ்சள்

பழைய ஊசிகள் பொதுவாக மங்கினால் நைதரசன் குறைவு. தளிர் இறுகிய பின், ஜூன் முதல் செப்ரெம்பர் வரை, மாதம் ஒருமுறை சேதன உரம் போதும். புது ஊசிகள் எலுமிச்சை மஞ்சளாகவும் பழையவை பச்சையாகவும் இருந்தால் இரும்பு எடுக்க முடியவில்லை. சாடி விளிம்பில் வெள்ளைச் சுண்ணம் படிந்திருந்தால் நீரின் கடினம்தான் காரணம். ஒன்ராறியோ ஏரியின் குழாய்நீர் ஓரளவு கடினமானது, கிணற்று நீர் உள்ள ஊர்களில் இன்னும் மோசம். மழைநீரைப் பீப்பாயில் பிடித்துப் பயன்படுத்துங்கள். வேர் அழுகினாலும் மஞ்சள் வரும் என்பதால், உரத்தைத் தொடும் முன் குச்சியைச் செருகிப் பாருங்கள்.

கவாத்துக்குப் பின் கிளை செத்தது, அல்லது உள்ளே தளிர்க்கவே இல்லை

ஆல், புளி போன்ற மரங்களில் கவாத்துப் பழகிய கை இங்கே தவறு செய்யும். அவை வெட்டிய மொட்டைக் கொப்பிலிருந்து துளிர்க்கும். ஸ்புரூஸ் பச்சை இல்லாத பழைய கொப்பிலிருந்து துளிர்க்காது. வெட்டுக்கு உள்பக்கமாக உயிருள்ள ஊசியோ, கண்ணுக்குத் தெரியும் அரும்போ, சிறு பக்கக் கிளையோ இருக்க வேண்டும். ஒன்றுமில்லாவிட்டால் அடிவரை செத்துவிடும். செத்த கொப்பை உடனே அடியோடு வெட்டாமல் ஒரு விரற்கடை முளையாக விட்டுப் பட்டையை உரித்தால், மலைமரங்களில் காண்பதுபோல் வெளுத்த கட்டையாக அழகு சேர்க்கும்.

தளிர் கிள்ளும் நேரமும் முறையும்: அரும்பின் பழுப்பு உறை கழன்று, தளிர் மெத்தென்று 2 சென்ரிமீற்றர் அளவு நீண்டதும், விரல்களால் பிடித்து பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை இழுத்து எடுங்கள். கத்தரியால் வெட்டினால் பாதியில் அறுபட்ட ஊசிகளின் நுனி எல்லாம் பழுப்பாகும். எல்லா அரும்பும் ஒரே நாளில் விரியாது, உச்சி முந்தும், கீழ்க்கிளை பிந்தும். ஆகவே இரண்டு மூன்று கிழமைக்குள் நாலைந்து தடவை சுற்ற வேண்டும். உச்சியில் கடுமையாகவும் கீழே மென்மையாகவும் கிள்ளுங்கள், மெலிந்த கிளையை விட்டுவிடுங்கள்.

இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் மரத்தைக் கிள்ளவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஸ்புரூஸ் பொதுவாக வருடத்துக்கு ஒரே தடவைதான் வளர்கிறது. வருடா வருடம் அந்த வளர்ச்சி முழுவதையும் பறித்தால் மரம் மெலிந்து உள்ளரும்பு வைக்காது. தளிரை முழுதாக வளரவிடுங்கள், செப்ரெம்பரில் அடுத்த வருட அரும்புகள் திரண்ட பின் ஒரு பக்க அரும்புவரை வெட்டுங்கள். ஒரே புள்ளியிலிருந்து மூன்று நான்கு கொப்பு கிளம்பினால் இரண்டை மட்டும் வைத்து மற்றதை நீக்குங்கள்; கிளையின் அடிப்பக்கமாகத் தொங்கும் கொப்புகளையும் எடுங்கள். வெளிச்சம் உள்ளே விழுந்தால் அடுத்த ஓரிரு வசந்தத்தில் ஊசியுள்ள பகுதிகளில் உள்ளரும்பு எழும். சாடி மாற்றிய வருடத்தில் பெரிய கவாத்து வேண்டாம்.

கம்பி கழற்றியதும் கிளை மேலே எழுகிறது. அல்லது கம்பி கட்டிய கிளை சாகிறது

ஸ்புரூஸ் எளிதில் வளையும், அதே எளிமையோடு பழைய நிலைக்குத் திரும்பும். ஒரு பருவம் போதாது, இரண்டு மூன்று பருவங்கள் கம்பியில் இருக்க வேண்டும், இடையில் ஒருமுறை கழற்றி மறுபடி கட்ட வேண்டியும் வரும். கோடை முடிவில் கிளை பருக்கும்போது கம்பி பட்டையில் பதியத் தொடங்கும். ஆகஸ்ட் முதல் வாரந்தோறும் பார்த்து, பதிந்தால் கம்பியைச் சுற்றி எடுக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள். அலுமினியக் கம்பியின் தடிப்பு கிளையின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு. கீழிறக்க மட்டும் வேண்டிய தடித்த கிளைக்கு, சாடி விளிம்பிலிருந்து இழுத்துக் கட்டும் கம்பியே சிறந்தது.

கிளை சாவதற்கு வழக்கமான காரணம் காலம். மே, ஜூனில் சாறு ஓடும்போது முறுக்கினால் பட்டை மரத்திலிருந்து வழுக்கிப் பிரியும். வெளியே கீறலே தெரியாது, இரண்டு மாதம் கழித்துக் கிளை பழுக்கும். செப்ரெம்பர், ஒக்ரோபரே நல்ல நேரம். வளைத்த இடத்தில் விழும் நுண்வெடிப்புகள் கடுங்குளிருக்கு முன் ஆற வேண்டும். நவம்பரில் பலமாக வளைத்தால் அந்த மரத்தைக் குளிர்காலம் முழுதும் கராஜில் வையுங்கள்.

குட்டை அல்பேர்ட்டாவில் ஒரு கொப்பு மட்டும் தடித்து நீளமாகப் பாய்கிறது

இந்த வகை 1904இல் அல்பேர்ட்டாவில், இன்று லேக் லூயிஸ் எனப்படும் இடத்துக்கருகில், வெள்ளை ஸ்புரூஸ்களுக்கிடையே தற்செயலாகக் கண்டெடுக்கப்பட்ட ஒரு குட்டை வடிவம். சிலவேளை ஒரு அரும்பு தன் காட்டு வடிவத்துக்கே திரும்பிவிடும். அந்தக் கொப்பைக் கண்ட அன்றே அடியோடு வெட்டுங்கள். விட்டால் மூன்று நான்கு வருடத்தில் மரத்தின் பலம் முழுவதையும் அது எடுத்துக்கொள்ளும்.

டிசெம்பரில் வாங்கிய சின்ன நத்தார் மரம் தை மாதத்தில் உதிர்கிறது

வெப்பமூட்டிய வீட்டின் உலர்காற்றும், குளிர்த் துயில் கிடைக்காததும்தான் காரணம். சாடியைச் சுற்றிய மினுங்கல் தாளை வாங்கிய அன்றே கழற்றுங்கள், உள்ளே நீர் தேங்கி வேர் அழுகும். வீட்டுக்குள் ஒரு கிழமை, மிஞ்சினால் பத்து நாள். பிறகு நேரே பனிக்குள் வைக்காதீர்கள்: கடையின் சூட்டில் இருந்த மரம் தன் குளிர்தாங்கும் வலுவை இழந்திருக்கும். வெப்பமூட்டாத கராஜ் அல்லது மூடிய விறாந்தையில், 0 முதல் 5 பாகைக்குள், மார்ச் இறுதிவரை வையுங்கள்.

ஏற்கனவே உள்ளேயே தளிர்விட்டிருந்தால் கராஜுக்கும் அனுப்ப முடியாது, மெல்லிய தளிர் உறைந்துவிடும். வீட்டிலேயே மிகக் குளிர்ந்த, வெளிச்சமான யன்னலோரத்தில், வெப்பக்காற்று வரும் துளையிலிருந்து விலக்கி, மண்ணை ஈரமாக மட்டும் வைத்து, உரமின்றி மே நடுப்பகுதி வரை காக்க வேண்டும். பிறகு பின்வளவு நிழலில் ஒரு கிழமை, காலை வெயிலில் ஒரு கிழமை, அதன் பின் வழக்கமான இடம். அந்த வருடம் சாடி மாற்றமோ கம்பியோ வேண்டாம். செப்ரெம்பரில் நுனி அரும்பு ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் மற்ற ஸ்புரூஸ்களோடு சேர்த்து நவம்பரில் மூடாக்கில் இறக்கலாம்.